கரடிக்கு எத்தனை மதிப்பெண்?

மல்லாபூரிலிருந்து மிருகக்காட்சிசாலைக்குப் போவதென்றால் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போவதாகும். நாச்சாரம் தொழிற்பேட்டையை அடுத்து இந்தப் பக்கம் நம் வீடு. மீர் ஆலம் ஏரிக்கரையில், பகதூர்புராவில் அந்தப் பக்கம் நேரு உயிரியல் பூங்கா. பஸ் மாறி, வெயிலில் வாடி வதங்கி, புளிசாத மூட்டையோடு போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆனாலும் கோடை விடுமுறைக்குப் பேத்தி வந்தால் தப்ப முடியுமா? சென்ற மே மாதமும் போனோம்.

பேத்திக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம். மூன்றையும் கலந்துதான் பேசுவாள். கரடிகள் இருக்கும் இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டுக் கேட்டாள்:

"தாத்தா, இங்கே எலுகுபண்டி எல்லாம் கறுப்பா இருக்கே. டிவியில காட்டற வெள்ளை எலுகுபண்டி எங்கே?"

"அது பனிக்கரடிம்மா. இங்கே கிடையாது. இந்த வெயில் அதுக்குத் தாங்காது."

"ஏன்? பெரிய ஏசி போட்டு வெச்சுக்கலாமே!"

சிரித்துவிட்டேன். ஆனால் வீடு திரும்பும்போது அந்தக் கேள்வி என்னோடேயே பஸ்ஸில் வந்தது. உலகத்தில் அப்படிச் செய்துதான் பார்த்திருக்கிறார்கள். என்ன ஆயிற்று? ஒரு மிருகத்தின் வீடு நல்ல வீடா, இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? அதைத் தேடிப் படித்ததில் தெரிந்ததை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பனிக்கு என்றே படைத்த உடம்பு

பனிக்கரடி வெள்ளை அல்ல என்றால் நம்புவீர்களா? அதன் தோல் கறுப்பு. ரோமத்துக்கு நிறமே இல்லை. உள்ளே வெற்றிடமாக இருக்கும் அந்த ரோமத்தில் ஒளி பட்டுச் சிதறுவதால் நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகிறது. தோலுக்கடியில் 10 சென்டிமீட்டர் வரை கொழுப்பு. வளர்ந்த ஆண் கரடி 350 முதல் 700 கிலோ வரை எடை இருக்கும். கடும் குளிரிலும் உடற்சூட்டை வெளியே விடாமல் காப்பதற்கென்றே அமைந்த உடம்பு அது. அதனால் வெயிலில் ஓடினால் மட்டுமல்ல, வேகமாக நடந்தாலே அதற்குச் சூடு ஏறிவிடும்.

இன்னொரு செய்தி. 2008ல் அலாஸ்காவுக்கு வடக்கே உள்ள கடலில், கழுத்தில் கருவி பொருத்திய ஒரு பெண் கரடி ஒன்பது நாட்கள் விடாமல் நீந்தியதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்தார்கள். நீந்திய தூரம் 687 கிலோமீட்டர்! ஹைதராபாத்திலிருந்து சாலை வழியாகச் சென்னைக்குப் போகும் தூரத்தைவிட அதிகம். இப்படிப்பட்ட பிராணியைச் சுவருக்குள் வைப்பது லேசான காரியமா?

2003ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மிருகக்காட்சிசாலைகளில் பனிக்கரடிக்குக் கிடைக்கும் சராசரி இடம், இயற்கையில் அது சுற்றித் திரியும் குறைந்தபட்சப் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். காட்டில் அதிக தூரம் அலையும் மிருகங்களே அடைபட்ட நிலையில் அதிகம் அவதிப்படுகின்றன, அவற்றின் குட்டிகளே அதிகம் இறக்கின்றன என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

கம்பி போய் அகழி வந்தது

ஒரு காலத்தில் எல்லா ஊரிலும் கம்பிக் கூண்டுதான். அதை மாற்றியவர் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ஹாகன்பெக். காட்டு மிருகங்களை விற்கும் வியாபாரி. எந்த மிருகம் எவ்வளவு தூரம் தாண்டும், எவ்வளவு உயரம் குதிக்கும் என்று சோதித்துப் பார்த்து, அதற்கேற்ற அகழி வெட்டினால் கம்பியே வேண்டாம் என்று கண்டுகொண்டார். 1907ல் ஹாம்பர்க் அருகே அவர் திறந்த பூங்காவில், செயற்கைப் பாறைகள் மீது பனிக்கரடிகள் கம்பியில்லாமல் நின்றதைப் பார்த்து மக்கள் மலைத்துப் போனார்கள்.

நம் ஹைதராபாத் பூங்காவில் நாம் காணும் அகழிகளும் அந்த வழியில் வந்தவையே. 1963ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி திறக்கப்பட்ட இந்த 380 ஏக்கர் பூங்கா, திறந்தவெளி அகழி முறையைக் கையாண்ட இந்தியப் பூங்காக்களில் முன்னோடி. நம் சென்னையிலும் இதே கதைதான். 1855ல் தொடங்கிய பழைய மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும், எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சென்ட்ரல் பக்கத்து நெரிசலிலும் இரைச்சலிலும் இருந்த உயிர் காலேஜ், 1985ல் வண்டலூருக்குக் குடிபோயிற்று. இன்று அதன் பரப்பு 602 ஹெக்டேர்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அகழி முதலில் நம் கண்ணுக்குத்தான் சுகம். கம்பி மறைந்தது என்பதால் மட்டும் உள்ளே இருக்கும் கரடிக்கு வாழ்வு மாறிவிடாது. அகழிக்கு அப்பால் இருப்பது வெறும் சிமெண்டுத் தரையா, மண்ணும் மரமும் குளமுமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சிங்கப்பூரின் இனூகா

என் பேத்தி சொன்ன 'ஏசி' யோசனைக்கு வருவோம். சிங்கப்பூரில் உறவினர் உள்ளவர்கள் இனூகாவைப் பார்த்திருக்கலாம். 1990ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலையில் பிறந்த பனிக்கரடி அது. வெப்ப நாடு ஒன்றில் பிறந்த முதல் பனிக்கரடி என்று பெயர் பெற்றது. ஊரே அதைத் தன் செல்லப் பிள்ளையாகக் கொண்டாடியது.

2004ல் இனூகாவும் அதன் தாய் ஷீபாவும் பச்சை நிறமாக மாறின! புழுக்கமான அந்தச் சீதோஷ்ணத்தில், வெற்றிடமான ரோமத்துக்குள் பாசி பிடித்துவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டுக் கழுவி மீண்டும் வெள்ளையாக்கினார்கள். பாசியால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் பனிக்கரடியின் ரோமத்தில் பாசி வளர்கிறதென்றால், அது இருக்க வேண்டிய இடம் அதுவல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அந்த நிர்வாகத்தைக் குறை சொல்வது நியாயமல்ல. இனிப் பனிக்கரடிகளை வரவழைப்பதில்லை என்று 2006ல் அவர்களே முடிவெடுத்தார்கள். இருந்த கரடிக்காக, 2013ல் குளிரூட்டிய அறை, பனிக்குகை, குளம் எல்லாம் கொண்ட மிகப் பெரிய புது இடத்தைக் கட்டித் திறந்தார்கள். தாய் ஷீபா அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டது. முதுமையில் நோயுற்ற இனூகாவை மேலும் வலியில் துடிக்கவிட மனமில்லாமல், 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி நிரந்தரமாக உறங்கவைத்தார்கள். அதோடு சிங்கப்பூரில் பனிக்கரடியின் கதை முடிந்தது. பணமும் அக்கறையும் தொழில்நுட்பமும் நிறைந்த ஊரே கடைசியில் வந்து சேர்ந்த முடிவு, 'இது நமக்கு வேண்டாம்' என்பதுதான்.

குளிர் மட்டும் போதுமா?

அப்படியானால் குளிர் நாடுகளில் வைத்தால் சரியா? அதுவும் முழு விடையல்ல. நியூயார்க் நகரின் நடுவே சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிசாலையில் கஸ் என்று ஒரு பனிக்கரடி இருந்தது. அது நாள் முழுக்கத் தன் குளத்தில் ஒரே பாதையில், எட்டு என்ற எண்ணைப் போட்டதுபோல, திரும்பத் திரும்ப நீந்திக்கொண்டே இருந்தது. 1994ல் மிருகங்களின் நடத்தை அறிந்த நிபுணர் ஒருவரை அழைத்துக் காட்டினார்கள். பத்திரிகைகள் 'கரடிக்கு மனநல வைத்தியம்' என்று கேலியாக எழுதின. அவர் கரடிக்கு வேலை கொடுத்தார். உணவைத் தட்டில் வைக்காமல் பனிக்கட்டிக்குள் உறையவைத்தும், தேடி எடுக்கும்படி ஒளித்துவைத்தும், புதிய விளையாட்டுப் பொருட்களைப் போட்டும் கரடியின் மூளைக்குத் தீனி போட்டார்கள். அந்தச் சுற்று நீச்சல் குறைந்தது; அடியோடு நிற்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் சிறு வயதில் ஒரு பழைய மிருகக்காட்சிசாலையில் (ஊர்ப் பெயர் வேண்டாம்) கம்பிக் கூண்டில் ஒரு கரடியைப் பார்த்தேன். நாலடி முன்னே, நாலடி பின்னே, தலையை ஒரு வெட்டு வெட்டித் திரும்பும். நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் "கரடி டான்ஸ் ஆடுது!" என்று கைதட்டிக் கடலை வீசினோம். அது ஆட்டமல்ல, அவஸ்தை என்று எனக்குத் தெரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

600 கஜமா, 19,360 கஜமா?

இடத்தின் அளவும் முக்கியம்தான். கனடாவின் மானிடோபா மாநிலம் 2002ல் பனிக்கரடிகளுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன் விதிகளின்படி இரண்டு கரடிகள் வரை வைக்கக் குறைந்தது 500 சதுர மீட்டர் வேண்டும். மல்லாபூரில் மனை வாங்குவோர் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 600 கஜம். அதில் 125 சதுர மீட்டர் மண், வைக்கோல் போன்ற மெத்தென்ற தரையாக இருக்க வேண்டும். 600 கஜம் மனிதனுக்கு மாளிகை, பனிக்கரடிக்குத் திண்ணை.

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் உள்ள ஹைலண்ட் காட்டுயிர்ப் பூங்கா, 2009ல் எடின்பரோ நகரிலிருந்து வந்த மெர்சிடிஸ் என்ற முதிய பெண் கரடிக்கு 4 ஏக்கர் இடம் தந்தது. அதாவது 19,360 கஜம். புல், ஈர மண், குளம், காற்று எல்லாம் அங்கு உண்டு. அதே பூங்காவில் 2017 டிசம்பரில் ஒரு குட்டி பிறந்தது. பிரிட்டனில் 25 ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த பனிக்கரடிக் குட்டி அது.

நம் நாட்டிலேயே ஒரு பாடம்

இந்த மிருகம் இந்த இடத்தில் இருக்கலாமா என்று முதலில் கேட்டு அமைத்த பூங்கா நம் நாட்டிலும் உண்டு. டார்ஜிலிங்கில் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், 1958ல் தொடங்கியது அது. பனிச்சிறுத்தை, சிவப்புப் பாண்டா போன்ற இமயமலைப் பிராணிகளுக்கு ஏசி தேவைப்படாத இடம். அங்கே வளர்ந்த சிவப்புப் பாண்டாக்களை 2003ல் சிங்கலீலா காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். இந்தப் பூங்காவுக்குப் பத்மஜா நாயுடுவின் பெயர். மேற்கு வங்க ஆளுநராக இருந்த அவர், கவிக்குயில் சரோஜினியின் மகள். நம் ஹைதராபாத்தில் பிறந்தவர்!

மதிப்பெண் போடுவோமா?

இனி நீங்கள் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது ஒரு விளையாட்டு ஆடுங்கள். நம் சங்கத்தின் குடும்பச் சுற்றுலாவிலும் ஆடலாம். எந்தக் கரடிக்கும், புலிக்கும், குரங்குக்கும் இது பொருந்தும். ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண், மொத்தம் 100.

1. மறைவிடம்: நம் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொள்ள அதற்கு இடம் இருக்கிறதா?

2. தரை: வெறும் சிமெண்டா, தோண்ட மண் உண்டா? நம் நாட்டுக் கரடி கறையான் புற்றைத் தோண்டி உறிஞ்சித் தின்பது. அதன் நீண்ட நகம் சிமெண்டில் எதைத் தோண்டும்?

3. நிழலும் நீரும்: நண்பகலில் நிழல் எங்கே விழுகிறது? உடம்பு முழுதும் நனைய நீர் இருக்கிறதா?

4. வேலை: உணவைத் தேடவும், ஏறவும், புரட்டவும் ஏதாவது உண்டா?

5. நடை: ஒரே பாதையில் திரும்பத் திரும்ப நடக்கிறதா? அப்படியானால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

நம்மாலும் குறைகள் உண்டு. மத்திய மிருகக்காட்சிசாலை ஆணையம் 1992ல் அமைந்த பிறகு பூங்காக்களுக்கு விதிமுறைகள் வந்தன. மிருகங்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டுமென்றுதான் இங்கே திங்கட்கிழமை விடுமுறை. ஆனால் மற்ற ஆறு நாளும் அவற்றை ஓய்வாக இருக்க நாம் விடுகிறோமா?

அன்று நாங்கள் பார்த்த கரடி, பாறை நிழலில் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கியது. கூட்டத்தில் ஒருவர் விசில் அடித்தார். "காசு கொடுத்து வந்தோம், எழுந்திருக்க மாட்டேங்குதே" என்று இன்னொருவர் சலித்துக்கொண்டார். அருகில் வந்து நின்று வேடிக்கை காட்டும் கரடிதான் நமக்கு வேண்டும். நாம் அதைக் கேட்கும்வரை, நம் கண்ணுக்கேற்ற அடைப்புகளைத்தான் கட்டுவார்கள்.

இதையெல்லாம் பேத்தியிடம் விளக்கினேன். "ஏசி ரூம்லயே உன்னை வெச்சு, வாழ்நாள் பூரா வெளியே விடலேன்னா இருப்பியா?" என்று கேட்டேன்.

"டிவி இருந்தா இருப்பேன்" என்றாள்.

சிறிது நேரம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள்: "ஆனா வெளியே நின்னு யாராவது விசில் அடிச்சிட்டே இருந்தா இருக்க மாட்டேன்."

அன்று தூங்கிய கரடிக்கு மறைவிடத்துக்காக 20க்கு 20 போட்டாள். வெளியே நின்ற எங்களுக்கு எத்தனை என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தாள்.