சொம்பில் இருந்தது தண்ணீர் இல்லை!



வீட்டிலேயே குளியல் சோப்பு செய்வது எப்படி என்று இப்போது ஆளாளுக்குக் கற்றுக்கொள்கிறார்கள். எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் செய்கிறோம். நான் ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. செய்முறையை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால், முதல் நாள் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதியாக வேண்டும்.

திருச்சியில் அரைநாள் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டிப் போய்வந்தேன். அங்கே எல்லாம் அளந்து தயாராக வைத்திருந்தார்கள். நாங்கள் கலக்கினோம், அச்சில் ஊற்றினோம், கை தட்டினோம், வந்துவிட்டோம். 'இவ்வளவுதானா!' என்று எனக்கு ஒரே உற்சாகம். மறுநாளே கடையில் காஸ்டிக் சோடா வாங்கினேன். ஜவ்வரிசி வடகம் உடைத்தது மாதிரி வெள்ளைச் செதில், சாதாரண பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்தார்கள். கொல்லையில் வைத்து, எவர்சில்வர் சொம்புத் தண்ணீரில் அதைக் கரைத்தேன். கரைத்தவுடன் மூக்கைத் துளைக்கிற புகை. கொஞ்ச நேரத்தில் புகை அடங்கி, பச்சைத் தண்ணீர் போலத் தெளிந்துவிட்டது. 'ஆற வைக்க வேண்டும்' என்று வகுப்பில் சொன்னார்களே, அதனால் சமையலறை மேடையில், குடிதண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து போன் மணி அடித்தது. போனேன்.

என் மாமியாருக்கு 78 வயது. ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது, இன்னொன்றில் ஆகவில்லை. சப்தரிஷீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு, சித்திரை வெயிலில் நடந்து வந்தவர் நேரே சமையலறைக்குப் போய் அந்தச் சொம்பைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஏம்மா, சொம்பு சுடுதே... வெந்நீரா போட்டு வெச்சிருக்க?"

அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. சோடா தண்ணீரில் கரையும்போது தானாகவே கொதிக்கிற மாதிரி சூடாகும். அது அன்றைக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் அத்தை பிழைத்தார். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால்? நான் ஓடிப்போய்ப் பிடுங்கினதில் என் புறங்கையில் தெறித்த வடு இப்போதும் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்றைக்கு, "கடையில காசு குடுத்தா கிடைக்கிற சோப்புக்காக எங்கம்மாவைக் கொல்லப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டார். பதில் பேச என்னிடம் என்ன இருந்தது? மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு ஏன் திரும்ப ஆரம்பித்தேன் என்றால், தப்பு சோப்பிலா என்னிலா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி படித்த என் மகளை உட்கார வைத்துக் கேட்டேன். எண்ணெயும் சோடாவும் சேர்ந்து இரண்டுமே இல்லாமல் போய், சோப்பும் கிளிசரினும் ஆகிவிடுகின்றன. அவ்வளவுதான் விஷயம். சோடா இல்லாமல் கட்டி சோப்பு கிடையவே கிடையாது. "எங்களுடையதில் சோடாவே இல்லை" என்று யாராவது விற்றால், ஒன்று வேறு யாரோ சோடா போட்டுச் செய்த 'சோப் பேஸ்' கட்டியை வாங்கி உருக்கி ஊற்றியிருப்பார்கள், அல்லது அது சோப்பே இல்லை. உருக்கி ஊற்றுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. சிறு குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதுதான் நல்லது. ஆனால் இரண்டும் வேறு வேறு என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

என் பாட்டி காலத்தில் குளிக்க சீயக்காய், அரப்பு, பயற்றமாவுதான். துணி வெளுக்கிறவர்கள் உவர்மண்ணை வைத்து வெள்ளாவி போடுவார்கள். அந்த மண்ணில் இருப்பதும் ஒரு வகைக் காரம்தானாம். நம்முடைய காஸ்டிக் சோடாவுக்கு அது சாதுவான தங்கச்சி.

இரண்டாவது தடவையும் சொதப்பினேன். இந்தத் தடவை ஆபத்து இல்லை, அறியாமை. எண்ணெயை டம்ளரில் அளந்தேன், சோடாவை ஸ்பூனில் அளந்தேன். ரசத்துக்குப் புளி கரைக்கிற கையல்லவா! சோப்பு வெட்டினால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பொடி, ஓரத்தில் நீர். அந்த வெள்ளை, எண்ணெயோடு சேராமல் மிஞ்சிய சோடா. அப்படி இருந்தால் உடம்புக்குப் போடவே கூடாது. இந்த வேலையில் கண்ணளவு, கையளவு எதுவும் செல்லாது. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஒரு கிலோ எடை இருக்காது, சுமார் 920 கிராம்தான். விளக்கெண்ணெய் அதைவிடக் கனம். ஒவ்வொரு எண்ணெயும் கேட்கிற சோடாவும் வேறு. 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 18 கிராமுக்குக் கொஞ்சம் மேல் சோடா வேண்டும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய்க்கு 13, 14 கிராம் போதும். விளக்கெண்ணெய்க்கு 13-க்கும் சற்றுக் கீழ். அதனால் ஒரு எண்ணெய் தீர்ந்துபோச்சே என்று இன்னொன்றை மாற்றி ஊற்றிவிடாதீர்கள். ஒரு கிராம் வரை காட்டுகிற எலெக்ட்ரானிக் தராசு இல்லாவிட்டால் இதில் இறங்கவே வேண்டாம்.

இப்போது நான் செய்யும் அளவு: தேங்காய் எண்ணெய் 400 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம், காஸ்டிக் சோடா 80 கிராம், தண்ணீர் 200 கிராம். எல்லாமே எடை. கணக்குப்படி இந்த எண்ணெய்க்கு 86 கிராம் சோடா வரை பிடிக்கும். ஆறு கிராம் வேண்டுமென்றே குறைத்திருக்கிறேன். அப்போதுதான் சோடா மிஞ்சாமல், எண்ணெய் கொஞ்சம் மிஞ்சி, தோல் வறண்டு போகாமல் இருக்கும். தண்ணீருக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள், பேட்டரிக்கு ஊற்றுவது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. அதில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து சோப்பைத் திரித்துவிடும். பக்கெட் ஓரத்தில் ஒட்டுகிற வெள்ளை அழுக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கை நோகிறோமே, அதே சமாச்சாரம்தான்.

ஜன்னல் கதவெல்லாம் திறந்து, முழுக்கை சட்டை, ரப்பர் கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. சோடாமேல் தண்ணீரை ஊற்றினால் குபீரென்று பொங்கி முகத்தில் அடிக்கும். அலுமினியப் பாத்திரம், அலுமினியக் கரண்டி ஆகவே ஆகாது. சோடா அதை அரித்து, தீப்பிடிக்கிற ஹைட்ரஜன் வாயு கிளம்பும். எவர்சில்வர் ஆகலாம். ஆனால் நான் இப்போது அதையும் விட்டுவிட்டேன். அடியில் 5 என்று எண் போட்ட கெட்டி பிளாஸ்டிக் ஜக், மூடியோடு. அதில் சிவப்பு பெயிண்டில் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். எழுத்து தெரியாதவர்களுக்கும் சிவப்பு தெரியும் இல்லையா?

சோடாத் தண்ணீரும் எண்ணெயும் தொட்டால் வெதுவெதுப்பு என்கிற அளவுக்கு வந்ததும் (ஜக்கின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன், உள்ளே விரலை விட்டுவிடாதீர்கள்!) எண்ணெயில் சோடாத் தண்ணீரை ஊற்றிக் கலக்க வேண்டும். நான் இதற்கென்றே ஒரு மர மத்து வைத்திருக்கிறேன். மோர் கடைகிற மாதிரி முக்கால் மணி நேரம்கூட ஆகும். கை பிளெண்டர் இருந்தால் சில நிமிஷம்தான். பதம் எப்படித் தெரியும்? தோசை மாவு மாதிரி வந்ததும் கரண்டியால் எடுத்து மேலே ஊற்றினால், கோலக் கோடு மாதிரி கொஞ்ச நேரம் அழியாமல் நிற்கும். அப்போது பட்டர் பேப்பர் விரித்த டப்பாவில் ஊற்றிவிடலாம்.

வாசனைக்கும் நிறத்துக்கும் ரொம்ப ஆசைப்படாதீர்கள். ஒரு தடவை கஸ்தூரி மஞ்சள் போட்டேன். குங்குமக் கலருக்கு மாறிவிட்டது! பயந்தே போனேன். பிறகுதான் நினைவு வந்தது, மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறது, மஞ்சள் கறையில் சோப்பு போட்டால் சிவக்கிறது... காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான். பச்சை வேப்பிலையை அரைத்துப் போட்டால் பச்சையாக இருக்கும் என்று நினைத்தேன். நாலே நாளில் காய்ந்த சாணி நிறம்.

தேங்காய் எண்ணெய் அதிகமுள்ள சோப்பு சீக்கிரம் இறுகிவிடும். மறுநாள் காலையிலேயே, கையுறையோடு, வெட்டிவிடுங்கள். இரண்டு நாள் விட்டால் கல்லாகி உதிரும். வெட்டிய கட்டிகளைக் காற்றோட்டமான நிழலில் இடைவெளி விட்டு அடுக்கி, நான்கிலிருந்து ஆறு வாரம் வரை காத்திருக்க வேண்டும். இதுதான் பொறுமைக்குச் சோதனை. ஐப்பசி மழையில் கட்டிகள் முத்து முத்தாக வியர்த்து நிற்கும். கெட்டுப்போகவில்லை, உள்ளே இருக்கும் கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிறது. பெரிய ஆலைகளில் பெரும்பாலும் இந்தக் கிளிசரினைத் தனியே பிரித்து எடுத்துவிடுவார்கள். நம் சோப்பில் அது அப்படியே தங்கிவிடுகிறது.

காசு மிச்சமாகுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆகாது. 2025-ல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய ஏற்றத்தில் என் வீட்டுக்காரரின் கணக்குதான் ஜெயித்தது. பஜ்ஜி சுட்ட எண்ணெயில் செய்யலாமே என்றால், செய்யலாம், பாத்திரம் துணி துவைக்க ஆகும். குளித்தால் பஜ்ஜி வாசனை வரும்!

ஆனாலும் அடுக்களையில் பிறந்த சோப்பு எதுவரை போகும் என்பதற்குக் கண்ணெதிரே மெடிமிக்ஸ் இருக்கிறது. சென்னையில் ரயில்வே டாக்டராக இருந்த வி.பி.சித்தன், தோல் நோயோடு வந்த ரயில்வே தொழிலாளிகளுக்காகத் தங்கள் குடும்பத்து மூலிகை எண்ணெயைக் கொடுத்து வந்தார். 1969-ல் அதையே சோப்பாக்கினார். அவரும் மனைவியும் வீட்டில் கையாலேயே செய்து ஆரம்பித்ததுதான் அது. அதற்கு முன்பே, மைசூர் சமஸ்தானம் பெங்களூரில் சந்தன சோப்பு ஆலையைத் தொடங்கியிருந்தது.

உடனே விற்க ஆரம்பித்துவிடாதீர்கள். நானும் எங்கள் குழுப் பெண்களும் அப்படித்தான் ஆசைப்பட்டு லேபிள்கூட அச்சடித்தோம். அப்புறம் விசாரித்தால், உடம்புக்குப் போடும் சோப்பு அழகுசாதனப் பொருள் கணக்கில் வருகிறது. 1940-ம் வருஷத்து மருந்து மற்றும் அழகுசாதனச் சட்டப்படியும், 2020-ல் வந்த அழகுசாதன விதிகள்படியும் உரிமம் வாங்காமல் தயாரித்து விற்க முடியாது. லேபிள் கட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. தீபாவளிக்கு உறவுக்காரர்களுக்குக் கொடுப்பதோடு சரி.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லவில்லை. சோடா தோலில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். எலுமிச்சை, வினிகர் எதையும் தேய்க்காதீர்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். யாராவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது சுட்டது ஏறும்போது மறுபடியும் சுடும். வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு உடனே ஆஸ்பத்திரிதான்.

என் சோடா டப்பா பூட்டு போட்ட பெட்டியில் பரண்மேல் இருக்கிறது. சோப்பு செய்கிற நாளில் சமையல் வேலையை முழுக்க முடித்துவிட்டு, அத்தையைப் பகல் தூக்கத்துக்கு அனுப்பிவிட்டு, கொல்லைக் கதவை வெளியே தாழிட்டுக்கொண்டுதான் ஆரம்பிப்பேன். இரண்டாவது கண்ணும் ஆபரேஷன் ஆகி அத்தைக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது. என் சோப்பில்தான் குளிக்கிறார். "கடை சோப்பு போட்டா அரிக்குது, உன்னுது பரவாயில்ல" என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம், என்னிடம் சொல்லவில்லை. ஆனால் இன்றுவரை நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்கிக்கொண்டு ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்ப்பார்.

"ஏம்மா, இது தண்ணிதானே?"

- ஒரு வாசகி, லால்குடி.