‘கம்பெல்’ பண்ணுவது

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கல்யாண வீடுகளில் இரு பேச்சுக்களைக் கேட்கலாம். “சாப்பிட்டுத்தான் போகவேண்டுமென்று கம்பெல் பண்ணிவிட்டார்கள்” என்பது ஒன்று. “பெண்ணைக் கம்பெல் பண்ணித்தான் சம்மதிக்க வைத்தோம்” என்பது மற்றொன்று. முன்னது உபசாரம். பின்னது?

இலத்தீனில் ‘கொம்பெல்லெரே’ என்றால் ஒன்றாகச் சேர்த்து ஓட்டுதல். கால்நடைகளை ஓட்டுவதற்கும் அச்சொல் வழங்கிற்று. அறுவடை முடிந்த கரிசற் புஞ்சைகளில் கிடை போட ஆடுகளை ஓட்டிவருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பட்டியில் அடைபடும் ஆட்டிடம் எவரும் சம்மதம் கேட்பதில்லை. ஆங்கிலத்திலும், மறுக்க வழியில்லாமற் செய்வதே ‘கம்பெல்’ என்பதன் முதற்பொருள். அன்போடு வருந்தி அழைப்பதற்கு அம்மொழியில் ‘அர்ஜ்’ என்னும் வேறு சொல் உண்டு. நாமோ பந்திக்கும் அதையே சொல்கிறோம், போகட்டும்.

லூக்கா 14ஆம் அதிகாரத்து விருந்து உவமையில், வேலியோரத்தில் இருப்போரையும் அழைத்துவரத் தலைவன் பணியாளனை அனுப்புமிடத்தில், இலத்தீன் விவிலியம் இச்சொல்லையே ஆள்கிறது. வேலியோரத்து ஏழை பெரிய வீட்டுப் பந்தியில் உட்காரக் கூசுவானல்லவா? அக்கூச்சத்தைத் தீர்க்கும் அழைப்பு அது என்றே கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆப்பிரிக்காவில் பிரிந்துநின்ற தொனாத்துக் கொள்கையினரை அரசாணையின் பலத்தால் திருப்புவதற்குப் புனித அகுஸ்தீனார் இவ்வசனத்தையே ஆதாரமாகக் காட்டினார். முதலில் அவரும் பலவந்தத்தை விரும்பாதவரே. விசுவசிக்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7ஆம் நாள் சமய சுதந்திர அறிக்கையில் தெளிவாக உரைத்தது.

இனிப் பெண்ணைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். வாழ்க்கை நிலையைத் தேர்ந்துகொள்வதில் எவ்வகைக் கட்டாயத்துக்கும் உட்படாதிருக்க விசுவாசிகள் அனைவருக்கும் உரிமை உண்டென்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 219ஆம் விதி. 1103ஆம் விதி இன்னும் கூர்மையானது. வன்முறையாலோ, வெளியிலிருந்து வரும் பேரச்சத்தாலோ, அதினின்று தப்பத் திருமணமே வழியென்று ஒருவர் இசைந்தால், அத்திருமணம் செல்லாது. அச்சமூட்டும் நோக்கம் பெற்றோருக்கு இல்லாதிருந்தாலும் விதி அதுவே. “நாங்கள் அடிக்கவில்லை, அம்மா இரண்டு நாள் பட்டினி கிடந்தாள், அவ்வளவுதான்” என்போர் இதைக் கவனிக்கவேண்டும். அவ்வச்சம் எத்துணைக் கடுமையானது என்பதைத் திருச்சபை நீதிமன்றம் ஆராயும். ஆனால் அதற்குள் இரு வாழ்வுகள் உடைந்திருக்கும்.

மனச் சுதந்திரத்தோடு வந்திருக்கிறீர்களா என்று பீடத்தின் முன் குருவானவர் மணமக்களைக் கேட்கிறார். ஊரே கூடியிருக்கையில், பட்டுச்சேலையும் மாலையுமாய் நிற்கும் பெண் அங்கே ‘இல்லை’ என்பாளா? ஆகவேதான், ஓலை வாசிக்குமுன் பங்குத்தந்தை இருவரையும் தனித்தனியே விசாரிப்பது நல்லது. அந்த அரைமணி நேரம் தாய்தந்தையர் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருக்கலாம்.