ஏக்கருக்கு இவ்வளவு வெளிச்சம்தான்!

கடைத்தெருவில் ஒருவர் தன் கடை வாசலில் இரண்டு விளக்கு போடுகிறார். பக்கத்துக் கடை சற்று மங்கலாகத் தெரிகிறது. உடனே அந்தக் கடைக்காரர் நான்கு போடுகிறார். எதிர்க்கடைக்காரர் ஆறு. மாதக் கடைசியில் எல்லோருக்கும் கரன்ட் பில் எகிறியிருக்கும். ஆனால், யார் கடையும் தனியாகப் பளிச்சென்று தெரியாது. முதலில் விளக்கைக் குறைப்பவருக்குத்தான் நஷ்டம் என்பதால், யாரும் குறைப்பதும் இல்லை.

இந்தப் போட்டிக்குக் கடிவாளம் போட்ட ஊர், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃப்ளாக்ஸ்டாஃப். அங்கே ஒரு கடை வாசலில் எவ்வளவு வெளிச்சம் இருக்கலாம் என்பதற்கும் நகராட்சி விதி உண்டு.

தேடுவிளக்கில் தொடங்கியது

ஃப்ளாக்ஸ்டாஃப் கடைவீதிக்குப் பக்கத்திலேயே ஒரு குன்று. அதன் மேல் 1894-ல் பெர்சிவல் லோவல் ஒரு வானாய்வகம் அமைத்தார். 1930-ல் க்ளைட் டோம்பா என்ற இளைஞர் புளூட்டோவைக் கண்டுபிடித்தது இங்கேதான். 1955-ல் அமெரிக்கக் கடற்படையின் வானாய்வகமும் இதே ஊருக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் புதுக் கடை திறந்தால் ராட்சதத் தேடுவிளக்கை வானத்தை நோக்கிச் சுழலவிடுவார்கள். மைல் கணக்கில் தெரியும் விளம்பரம் அது. ஆனால், மங்கலான நட்சத்திரங்களைத் தேடுபவர்களுக்கு அதுவே எமன். 1958-ல் விளம்பரத் தேடுவிளக்குகளுக்கு நகராட்சி தடை போட்டது. இரவு வானத்தைக் காப்பதற்காக உலகில் எழுதப்பட்ட ஆரம்பகால விதிகளில் அதுவும் ஒன்று.

விளக்குக்கும் பட்ஜெட்

தேடுவிளக்கை நிறுத்தினால் போதுமா? ஊர் வளர்ந்தது. கார் நிறுத்துமிடங்கள், பெட்ரோல் பங்க்குகள், விளம்பரப் பலகைகள் என ஆயிரக்கணக்கில் சின்ன விளக்குகள் முளைத்தன. எனவே 1989-ல் புதிய கணக்கு ஒன்று வந்தது. ஓர் ஏக்கர் நிலத்தில் மொத்தம் இத்தனை லூமென் வெளிச்சத்துக்கு மேல் கூடாது.

லூமென் என்றால் பயப்பட வேண்டாம். பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியைப் பாருங்கள், அதில் அச்சாகியிருக்கும். நம் வீட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறக்குறைய 900 லூமென் தரும். ஃப்ளாக்ஸ்டாஃபில் ஊரை மூன்று விளக்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வானாய்வகங்களுக்கு மிக அருகில் இருக்கும் வணிக இடங்களுக்கு ஏக்கருக்கு 25,000 லூமென், அதாவது சுமார் 28 பல்புகள். அடுத்த மண்டலத்துக்கு 50,000. தள்ளியிருக்கும் மூன்றாம் மண்டலத்துக்கு 1,00,000.

இந்த பட்ஜெட்டுக்குள் எந்த விளக்கை எங்கே வைப்பது என்பதைக் கடைக்காரரே திட்டமிடலாம். பொருளின் நிறம் தெரிய வேண்டிய இடத்துக்கு வெள்ளை விளக்கு வைத்துக்கொள்ள இடமுண்டு. கார் நிறுத்துமிடம், நடைபாதை போன்ற இடங்களுக்கு மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிற விளக்கு.

ஏன் அந்த நிறம்? பகலில் வானம் நீலமாகத் தெரிவதற்கு என்ன காரணமோ, அதேதான். நீல ஒளியைக் காற்று அதிகம் சிதறடிக்கும். வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் கலந்திருப்பதால், அது வானம் முழுக்கப் பால் ஊற்றியதுபோலப் பரவும். ஆரஞ்சு ஒளி அந்த அளவுக்குச் சிதறாது. முன்பு இதற்குச் சோடியம் விளக்குகள் இருந்தன. அவற்றின் தயாரிப்பு நின்றுபோக, ஆரஞ்சு எல்.இ.டி.க்கு மாறத் தொடங்கியது நகரம்.

வெளிச்சம் குறைந்தால் திருட்டு?

வியாபாரிகளுக்கு முதலில் வரும் பயம் இதுதான். ஆனால், எதிரே வரும் லாரி முழு வெளிச்சம் போட்டால் நமக்குச் சாலை தெரிகிறதா? கண் கூசிக் கண்மணி சுருங்கிவிடும். அதன் ஓரத்தில் நடந்து வருபவர்கூடத் தெரிய மாட்டார். கடை வாசலில் கண்ணைக் குத்தும் ஃப்ளட் லைட்டும் அப்படித்தான். அதன் பின்னால் இருக்கும் இருட்டு இன்னும் கனமாகிவிடும், ஒளிந்து நிற்பவருக்கு அது வசதி. விளக்குக்கு மேலேயும் பக்கத்திலும் மூடி போட்டு, வெளிச்சத்தைத் தரையை நோக்கித் திருப்பினால், குறைந்த வாட்டிலேயே ஆள் முகம் தெரியும். மேலே போகும் வெளிச்சம் எந்த வாடிக்கையாளரையும் அழைத்து வருவதில்லை. அதற்கும் சேர்த்துத்தான் நாம் பில் கட்டுகிறோம்.

இன்னொரு லாபமும் உண்டு. எல்லோருக்கும் ஒரே வரம்பு என்றால், பக்கத்துக் கடையை மிஞ்ச வேண்டிய அவசியமே இல்லை. தனி ஒருவரால் நிறுத்த முடியாத போட்டியைப் பொது விதி ஒன்று நிறுத்திவிடுகிறது.

ஊர் வளர்ந்தது, வானமும் இருக்கிறது

1960-ல் ஃப்ளாக்ஸ்டாஃபின் மக்கள்தொகை சுமார் 18,000. 2020-ல் சுமார் 77,000. நான்கு மடங்குக்கு மேல் வளர்ந்த பிறகும், ஊருக்குள் நின்றபடியே பால்வீதியைப் பார்க்க முடிகிறது. 2001-ல் உலகின் முதல் ‘சர்வதேச இருள் வான் நகரம்’ என்ற அங்கீகாரமும் கிடைத்தது.

விதி போட்டதால் எல்லாம் சரியாகிவிடவில்லை என்பதும் உண்மை. லோவல் வானாய்வகமே தன் 4.3 மீட்டர் பெரிய தொலைநோக்கியை, ஊரிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் தள்ளித்தான் நிறுவியிருக்கிறது. ஒரு நகரம் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் அதன் வெளிச்சம் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவை எவ்வளவு குறைக்கலாம் என்பதைத்தான் விதி தீர்மானிக்கிறது.

உங்களுக்குக் கடை இருந்தால், இன்று இரவு ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று உங்கள் கடையைப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது பல்பா, பொருளா? பல்பு என்றால் அந்த விளக்கைக் கீழே திருப்புங்கள். மறுபடியும் எதிர்ப்பக்கம் வந்து நின்று, இந்தமுறை கடைக்கு மேலேயும் ஒரு பார்வை பாருங்கள்.