முடக்குவாதம்: நோய் தெரிந்தபின் செய்யத்தக்கவை

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் இன்றியமையாதனவே. ஆயினும், வயலில் இறங்கி உழைக்கும் கைகள் நலமுடன் இல்லாவிடில் இவற்றால் விளையும் பயன் பெரிதும் குறைந்துவிடும். அக்கைகளையே முதலில் தாக்கும் நோய் ஒன்று உண்டு. அதுவே முடக்குவாதம். சில ஊர்களில் இதனைச் சரவாங்கி என்றும் வழங்குவர். இந்நோய் கண்டிருப்பதாக மருத்துவர் கூறியபின் நோயாளியும் குடும்பத்தாரும் செய்யத்தக்கவை யாவை, ஊராட்சி எவ்வகையில் துணை நிற்கலாம் என்பவற்றை ஈண்டு விளக்குவோம்.

நோயின் தன்மை

கிருமிகளை எதிர்த்துப் போராடும் ஆற்றல் நம் உடலில் இயற்கையாகவே அமைந்துள்ளது. முடக்குவாதத்தில் அவ்வாற்றல் நெறி பிறழ்ந்து, மூட்டுகளின் உட்புறத்தே உள்ள மெல்லிய சவ்வைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்வது போன்றது இது. சவ்வு வீங்கித் தடித்து, நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. விரல்கள் கோணுவதும் மணிக்கட்டு இறுகுவதும் இதனாலேயே.

முதுமையில் முழங்கால் தேய்வதால் உண்டாகும் வலி வேறு. 2006-ஆம் ஆண்டு பரவிய சிக்குன்குனியாக் காய்ச்சலுக்குப் பின் பலருக்கு நீடித்த மூட்டுவலியும் வேறு. முடக்குவாதம் பெரும்பாலும் 30 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் தோன்றுகிறது. ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. விரல் மூட்டுகளும் மணிக்கட்டுகளும் இரு கைகளிலும் ஒருங்கே வீங்கும். காலையில் எழுந்தபின் அரைமணி, ஒருமணி நேரம் வரையிலும்கூடக் கை மடங்காது. காரணமற்ற அசதியும் உடன் வரும். இக்குறிகள் சில வாரங்கள் நீடிப்பின் மருத்துவரிடம் செல்வதில் காலந்தாழ்த்தல் ஆகாது.

இது எங்கோ ஒருவருக்கு வரும் நோயன்று. டில்லிக்கு அண்மையிலுள்ள கிராமங்களில் நடத்தப்பெற்று 1993-இல் வெளியான ஆய்வொன்று, வயது வந்தோரில் ஆயிரவருக்கு ஏழெட்டுப் பேர் வீதம் இந்நோய் உடையோர் எனக் கண்டது. நம் பகுதிக்கும் அக்கணக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. எனினும், வயது வந்தோர் 2,000 பேர் வாழும் ஓர் ஊராட்சியில் அவ்வீதப்படி 15 பேர் இருத்தல் கூடும் என்பதை உறுப்பினர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

இந்நோய் தொட்டால் ஒட்டுவதன்று. எவர் செய்த பாவத்தின் பயனும் அன்று. உடன் உண்பதாலும் உறங்குவதாலும் எவருக்கும் தீங்கில்லை.

மருந்தும் பொறுமையும்

1948-இல் அமெரிக்காவில் கார்ட்டிசோன் என்னும் மருந்து முடக்குவாத நோயாளிகளுக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது, படுக்கையில் கிடந்தோர் சில நாட்களில் எழுந்து நடந்தனர். இத்துறையில் உழைத்த மூவருக்கு 1950-இல் நோபல் பரிசும் வழங்கப்பெற்றது. ஆனால், நெடுநாள் உண்டவர்களிடம் அதன் தீங்குகள் வெளிப்பட்டன. எலும்பு மெலிந்தது; முகம் ஊதியது; நீரிழிவு தலைகாட்டியது. இவ்வகை மருந்துகள் ஸ்டீராய்டுகள் எனப்படும். மருத்துவர் மேற்பார்வையில் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு இவை பயன்படும். நாமே வாங்கி உண்பதற்கு உரியன அல்ல.

இன்று முதன்மையாக வழங்கப்பெறுவது மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரை. இதனை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். இதனை அழுத்தந்திருத்தமாகக் கூற விரும்புகிறோம். நாள்தோறும் உண்டால் இரத்தம் ஊறும் எலும்பு மஞ்ஞை பழுதுற்று உயிருக்கே கேடு நேரும். வாரச் சந்தை கூடும் நாளையே மாத்திரை நாளாக வைத்துக்கொண்டு, அக்கிழமையின் பெயரை உறையின்மேல் எழுதி வைத்தல் நன்று. உடன் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையை விடுதல் கூடாது. குறித்த காலங்களில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மதுவை அறவே விலக்க வேண்டும். காய்ச்சல், வாய்ப்புண், மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரை அணுக வேண்டும். கருவுற விரும்பும் பெண்கள் முன்னதாகவே மருத்துவரிடம் தெரிவித்து மருந்தை மாற்றிக்கொள்ளுதல் அவசியம்.

இம்மருந்தின் பயன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும். விதைத்த மறுநாளே கதிரை எதிர்பார்ப்பவர் உழவர் அல்லர். ஆயினும் மாத்திரை வகையில் அப்பொறுமை நமக்கு எளிதில் வருவதில்லை.

நம் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் நடவு வேலை செய்துவந்த நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவருக்கு இதுவே நேர்ந்தது. இரண்டு வாரங்களில் வலி குறையாமையால் மருத்துவமனை மாத்திரையை நிறுத்திவிட்டார். பெயரோ உறையோ இல்லாத மாத்திரைகளைக் கடையொன்றில் வாங்கி உண்டார். வலி மாயமாய் மறைந்தது. நான்கு திங்களில் முகம் வீங்கிச் சர்க்கரையும் ஏறியது. மூட்டுகளோ உள்ளூரப் பழுதுற்று வந்தன. இதனை அறிந்த மகளிர் குழுவினர் அவரைத் தேற்றி, முறைவைத்து ஒருவர் மாற்றி ஒருவராக மருத்துவமனைக்கு உடன் சென்றனர். உண்டுவந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துதலும் ஆபத்து என்பதை உணர்த்தி, மருத்துவர் அதனைப் படிப்படியாகவே குறைத்தார். இன்று மணிக்கட்டு முன்போல் முழுதும் மடங்கவில்லை. எனினும் அவர் தம் வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொண்டு, நாற்றங்கால் வேலைக்கும் போய் வருகிறார்.

சித்த மருத்துவம் மேற்கொள்வோர் அரசு சித்த மருத்துவரை நாடி, உண்ணும் மருந்துகள் அனைத்தையும் இரு மருத்துவரிடமும் மறைக்காது கூறவேண்டும்.

வேலையை மாற்றியமைத்தல்

முழு ஓய்வு மூட்டை இறுகச் செய்யும். அளவு மீறிய உழைப்பு வீக்கத்தைப் பெருக்கும். இரண்டுக்கும் நடுவே செல்வதே முறை. காலையில் கைகளை வெதுவெதுப்பான நீரில் வைத்திருந்து, விரல்களை மெல்ல மடக்கி நீட்டுதல் நலம் தரும். கதிர் அரிவாள், களைக்கொட்டு ஆகியவற்றின் பிடியில் துணியைச் சுற்றிப் பருமனாக்கினால் விரல்களுக்குச் சிரமம் குறையும். பெரிய குடத்துக்கு மாறாகச் சிறு குடங்களில் இருகைகளாலும் அணைத்து நீர் கொணரலாம். பால் கறத்தல், துணி பிழிதல் போன்ற விரலை நெருக்கும் வேலைகளை வீட்டிலுள்ள ஆடவரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். புகை பிடித்தல் இந்நோயை வளர்ப்பதால் அதனைக் கைவிடுதல் கடமை.

வைகறையிலேயே தொடங்கும் வயல் வேலைக்கு இந்நோயாளி உரிய நேரத்தில் வர இயலாது. இது சோம்பலன்று, நோயின் இயல்பு. வேலைக்குழுத் தலைவர்கள் இதனை உணர்ந்து, சற்றுப் பிந்தி வந்து செய்யக்கூடிய வேலையை அவருக்கு ஒதுக்கினால் ஒரு குடும்பத்தின் கூலி காப்பாற்றப்படும்.

துணை எங்கே கிடைக்கும்?

முதற்படி ஆரம்ப சுகாதார நிலையமும் கிராம சுகாதார செவிலியருமே. அங்கிருந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டு வாத நோய்களுக்கெனத் தனித் துறை உள்ளது. அத்தகைய துறை இல்லாத இடங்களில் பொது மருத்துவத் துறையை அணுகலாம். நோய் தொடங்கிய முதற் சில திங்களுக்குள் சிகிச்சை பெறுவோரின் மூட்டுகள் பெரும்பாலும் காப்பாற்றப்படுகின்றன என்பதை நினைவிற்கொள்க.

மூட்டுகள் பழுதுற்று நடமாட்டமோ கைப்பயனோ குறைந்தோர், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மருத்துவச் சான்று கோரலாம். குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதிருப்பின் பல உதவிகளுக்கு வழி உண்டு.

1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் உள்ளன. வழிச்செலவுக்குச் சிறு கடன், உடன் செல்ல ஒரு துணை, மனச்சோர்வு வந்தபோது கேட்க ஒரு செவி ஆகிய மூன்றையும் அவை தரக்கூடும். அண்டை ஊர்களின் நோயாளிகள் இருவர் மூவர் ஒரே நாளில் மருத்துவமனைக்குச் செல்ல ஏற்பாடு செய்தால், ஒருவர் அனுபவம் மற்றவர்க்கு உதவும்.

ஊராட்சி உறுப்பினர்கள் அக்டோபர் 2-ஆம் நாள் கூடும் கிராம சபையில், செவிலியரைக் கொண்டு இந்நோயின் குறிகளைப் பத்து நிமிடம் விளக்கச் செய்யலாம். அக்டோபர் 12 உலக மூட்டுவாத நாளாதலின் அது பொருத்தமும் ஆகும். நோயாளிகளின் பெயரைச் சபையில் கூறுதல் தகாது. வீட்டிற்கே சென்று வினவுதல் நன்று. இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை. முடங்கும் முன்னரே ஒரு கையைக் காக்க, காலத்தில் கூறும் ஒரு சொல்லும் உடன் செல்லும் ஒரு துணையும் போதும். அவ்விரண்டையும் தம் ஊரார்க்கு அளிக்க உறுப்பினர்கள் முன்வருவார்களாக.