சனிக்கிழமைத் தமிழும் வாரநாள் இத்தாலியமும்

சிட்னியின் மேற்குப் புறத்தில் வெண்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூன்காபி என்று நம்மவர்கள் நெருங்கிக் குடியிருக்கும் பகுதிகளிலும், மெல்போர்னில் கிளேட்டன், கிளென் வேவர்லி, டாண்டினாங் பக்கங்களிலும், நான்கு வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோர் சந்தித்துக்கொண்டால், க்ஷேமலாப விசாரணை முடிந்த கையோடு எழும் கேள்வி, எந்தப் பள்ளிக்கூடம் என்பதுதான். அந்தச் சம்பாஷணையில் கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியின் பெயரைச் சைவக் குடும்பத்தாரும் தயக்கமின்றி எடுக்கிறார்கள். பெரிய தனியார் பள்ளிகளை நோக்கச் சம்பளம் குறைவு. சீருடை உண்டு, ஒழுங்கு உண்டு. சாமியாரும் கன்னியாஸ்திரீகளும் நடத்திய பள்ளியில் படித்தவர்களே நல்ல நிலைக்கு வந்தார்கள் என்று யாழ்ப்பாணத்திலும் பாளையங்கோட்டையிலும் பெற்றோர் தலைமுறை தலைமுறையாகக் கொண்டிருந்த நம்பிக்கையும் கப்பலேறி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்பள்ளிகளில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று மட்டும் எவரும் நின்று விசாரிப்பதாகத் தெரியவில்லை.

விவிலியமும் ஜெபமுமாகப் பொழுது போகும் என்று எண்ணுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நியூ சவுத் வேல்ஸில் அரசாங்கப் பள்ளிக்கு எந்தப் பாடத்திட்டமோ அதுவே கத்தோலிக்கப் பள்ளிக்கும். வாரத்தில் ஏறக்குறையப் பாதி நேரம் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் போய்விடுகிறது. மீதியை விஞ்ஞானமும், சரித்திர பூகோளமும், கலைகளும், தேகப்பயிற்சியோடு சேர்ந்த சுகாதாரக் கல்வியும் பங்கிட்டுக்கொள்கின்றன. விக்டோரியாவில் பாடத்திட்டத்தின் பெயரும் பிரிவுகளும் வேறு, சாரம் ஒன்றே. சிட்னிக் குழந்தை 'கிண்டர்கார்டன்' என்று தொடங்குவதை மெல்போர்ன் குழந்தை 'பிரெப்' என்று தொடங்கும். 2008-இல் தொடங்கி, மூன்றாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுதோறும் சோதிக்கும் நாப்ளான் பரீட்சை இரு நகரங்களிலும், எல்லா வகைப் பள்ளிகளுக்கும் பொதுவானது. பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்க்க நம் பெற்றோர் கையாளும் ஏகப் பிரமாணமும் அதுவே என்றால் மிகையாகாது.

இதற்கு மேல் கத்தோலிக்கப் பள்ளி சேர்ப்பது ஞானோபதேசம். நாளொன்றுக்குச் சுமார் அரைமணி. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்னிருந்தபடி, கேள்வியும் பதிலுமாக உருப்போட்டு ஒப்பிக்கும் சம்பிரதாயம் மறைந்துபோய்விட்டது. இப்பொழுது கதை சொல்கிறார்கள், சித்திரம் வரையச் சொல்கிறார்கள், திருவழிபாட்டு ஆண்டின் பருவத்துக்கேற்ப மேசை விரிப்பின் வர்ணத்தை மாற்றுகிறார்கள். தவக்காலம் வந்ததும், ஏழை நாடுகளுக்கென்று காசு சேர்க்கும் அட்டைப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து நின்ற பேரனைக் கண்டு, பள்ளிக்கூடம் ஒருவழியாகச் சைவமாகிவிட்டது என்று ஒரு மூதாட்டி மகிழ்ந்துபோனதாக நண்பரொருவர் சொன்னார், கட்டுக்கதையாகவும் இருக்கலாம். முதல் நன்மைக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் ஆயத்தம் செய்வது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளையே. மற்றப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவ்வாறு கேட்டதனால் எந்தக் குழந்தையின் மதமும் கெட்டுப்போயிற்று என்று நான் நம்பவில்லை. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே உபாத்தியாயராகவும் இருந்து, பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர்தாம், 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, பாலபாடத்தையும் சைவ வினாவிடையையும் இயற்றி, மிஷனாரிகளிடம் கற்ற முறையைக்கொண்டே சைவத்தைப் போதித்தார்.

ஹாலந்திலிருந்து குடியேறிய சீர்திருத்த சபையார் 1962-இல் டாஸ்மேனியாவின் கிங்ஸ்டனில் ஒரு பள்ளியை ஸ்தாபித்ததிலிருந்து பரவிய, பெற்றோர் நிர்வகிக்கும் கிறிஸ்துவப் பள்ளிகள் வேறொரு ரகம். அங்கே மதத்துக்கென்று தனிப் பாடவேளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கணக்கு, விஞ்ஞானம் உட்பட எல்லாப் பாடங்களையும் வேதத்தின் நோக்கிலிருந்து போதிப்பதே கொள்கை. நம்மவர் அவற்றை அதிகம் நாடுவதில்லை, ஆகையால் விட்டுவிடுகிறேன். பொதுமக்கள் வரிப்பணத்தில் மதப் பள்ளிகள் நடப்பது தகுமா என்று கேட்பவர்களும் ஆஸ்திரேலியாவில் உண்டு. அரசியல் சாசனத்தின் 116-ஆம் பிரிவைக் காட்டி அவர்கள் தொடுத்த வழக்கில், 1981-இல் உயர்நீதிமன்றம் பள்ளிகளின் பக்கமே தீர்ப்பளித்தது.

என் கண்ணில் பட்டு உறுத்துவது பாடத்திட்டத்தின் வேறொரு மூலை. இரு நகரங்களிலும் பல கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிகளின் பாடவேளை அட்டவணையில், வாரத்தில் ஓரிடத்தில் 'இத்தாலியம்' என்று எழுதியிருக்கும். வீட்டில் தமிழ் பேசும் குழந்தை பள்ளியில் இத்தாலிய எண்களையும் நிறங்களையும் பாட்டாகப் பாடிக்கொண்டு திரும்புகிறது. போப்பாண்டவரின் நகரத்து மொழியாயிற்றே, மதத்தை உத்தேசித்துத்தான் வைத்திருப்பார்கள் என்று பெற்றோர் தாமாகவே ஒரு சமாதானம் செய்துகொள்கிறார்கள். உண்மைக் காரணம் வேறு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் கலாப்ரியாவிலிருந்தும் சிசிலியிலிருந்தும் வெனிட்டோவிலிருந்தும் வந்து குவிந்த தொழிலாளிகளும் குடியானவர்களும், 1971-இன் ஜனத்தொகைக் கணக்கில் 2 லட்சத்து 89 ஆயிரம் பேராக இருந்தார்கள். அவர்களில் கணிசமானவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பங்குக் கோயிலை அடுத்த பள்ளியிலேயே சேர்த்தார்கள். ஐரிஷ் மரபில் வந்த குருமார்களுக்கும் இவர்களுக்கும் முதலில் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை என்பது தனிக் கதை. அதே 1971-இல் இத்தாலிய அரசு வெளிநாடுகளில் வாழும் தன் மக்களுடைய பிள்ளைகளின் மொழிக் கல்விக்காக 153-ஆம் எண் சட்டத்தை இயற்றியது. அந்தப் பணத்தையும் பிற்பாடு ஆஸ்திரேலிய அரசின் மானியங்களையும் கொண்டு, கோஅசிட் என்னும் இத்தாலியர் சங்கத்தார் ஆசிரியர்களை நியமித்து, பள்ளிக்கூடத்துக்குள்ளேயே, பள்ளி நேரத்திலேயே, எல்லாப் பிள்ளைகளுக்குமாக இத்தாலிய வகுப்புகளை நடத்தலானார்கள். பள்ளி விட்ட பிறகு தம் பிள்ளைகளை மட்டும் தனியே கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளோடு அவர்கள் திருப்தியடைந்துவிடவில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது. வந்த தலைமுறை முதிர்ந்துவிட்ட பின்னும், வீட்டில் இத்தாலியம் பேசுவோர் 2021-இல் 2 லட்சத்து 28 ஆயிரமாகக் குறைந்துவிட்ட பின்னும், அட்டவணையில் பிடித்த இடம் அப்படியே நிற்கிறது.

நாமோ அந்த ஆண்டுக் கணக்கில் 95 ஆயிரம் பேர். ஐந்தாண்டுகளுக்கு முன் 73 ஆயிரமாக இருந்தவர்கள். ஆனால் நம் மொழிக்கு நாம் வகுத்துக்கொண்ட நேரம் வாரக்கடைசி. 1977-இல் சிட்னியில் தொடங்கிய பாலர் மலர் பள்ளியும், பின்னர் ஹோம்புஷ் முதலிய இடங்களில் எழுந்த தமிழ்க் கல்வி நிலையங்களும், மெல்போர்னின் தமிழ்ப் பள்ளிகளும் செய்துவரும் தொண்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஊதியம் எதிர்பாராமல், தம் சனிக்கிழமைகளையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் கொடுத்துவிட்ட ஆசிரியைகள் அங்கே இருக்கிறார்கள். பிள்ளைகள் தமிழைப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கும் ஒரு பாடமாக எழுதலாம். எனினும், தன் வகுப்புத் தோழர்கள் கிரிக்கெட்டுக்கும் நீச்சலுக்கும் போகும் வேளையில் தனக்கு மட்டும் வகுப்பு என்று ஏங்கும் எட்டு வயதுச் சிறுவன், தமிழை ஒரு தண்டனையாகவே அறிந்துகொள்கிறான். அதே சிறுவனுக்கு வகுப்பாசிரியையும் தோழர்களும் கூட இருக்கையில் கற்கும் இத்தாலியம் விளையாட்டாக இருக்கிறது. எந்த மொழியாயினும் இரண்டாம் மொழி மூளைக்கு நல்லது, இத்தாலியமானால் என்ன என்று கல்வியாளர்கள் சொல்லக் கேட்கிறோம். இருக்கட்டும்.

கிறிஸ்துவத் தமிழர் வீடுகளைப் பற்றியே எனக்கு விசாரம் அதிகம். இந்து வீட்டில் பள்ளியின் ஜெபம் ஒருபுறமும், தேவாரமோ கந்த சஷ்டிக் கவசமோ மறுபுறமுமாக இரண்டும் நடக்கின்றன. பூஜையறையில் தமிழுக்கு ஒரு பிடி மிச்சமிருக்கிறது. கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைக்கோ மந்திரங்கள் பள்ளியிலேயே ஆங்கிலத்தில் பாடமாகிவிடுவதால், இரவு ஜெபமாலையின்போது தாய் தமிழில் தொடங்கப் பிள்ளை ஆங்கிலத்தில் முடிக்கிறது. நாளடைவில் தாயும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறாள். 1578-இல் கொல்லத்தில் அன்றிக் அடிகளார் அச்சேற்றிய 'தம்பிரான் வணக்கம்', தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். அது ஒரு ஞானோபதேசப் புத்தகம். முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்கு மறையைச் சொல்லவேண்டுமானால் அவர்கள் பாஷையிலேயே சொல்லவேண்டும் என்று போர்த்துக்கல்லிலிருந்து வந்த அந்தப் பாதிரியார் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பரதவர் வம்சத்துப் பிள்ளைகளும் இன்று மெல்போர்னில் படிக்கிறார்கள்.

பள்ளிகளைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. விக்டோரியாவின் பாடத்திட்டம் பிரெப் முதற்கொண்டே மொழிப் பாடத்துக்கு இடம் வகுத்திருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் நிர்ப்பந்தம் ஏழாம் வகுப்பிலிருந்துதான். அதுவும் நூறு மணி நேரம். ஆரம்பப் பள்ளியில் எந்த மொழி வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் பெரும்பாலும் பள்ளியின் விருப்பம். அந்த மாநிலத்தில், கிண்டர்கார்டன் முதல் பத்தாம் வகுப்பு வரைக்குமான தமிழ்ப் பாடத்திட்டம், ஹிந்தி, பஞ்சாபி ஆகியவற்றோடு 2020-இல் அறிவிக்கப்பட்டது. நம்மவர் சங்கங்கள் அதைக் கொண்டாடின. தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த ஒரு பங்குப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் அதை எடுத்துக்கொண்டு போய், செவ்வாய்க்கிழமை ஒரு பாடவேளை கொடுங்கள் என்று பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டார்கள் என்ற செய்தி இதுவரை என் காதுக்கு எட்டவில்லை. கேட்டால் அவர் சொல்லக்கூடிய முதல் ஆட்சேபம், பதிவு பெற்ற ஆசிரியர் எங்கே என்பதாக இருக்கும், நியாயமான ஆட்சேபமே. ஊரில் எம்.ஏ., பி.எட். முடித்தவர்கள் வாரக்கடைசிப் பள்ளிகளில் எத்தனையோ பேர். அவர்களில் சிலருக்காவது அந்நாட்டு ஆசிரியப் பதிவு பெறுவதற்கான படிப்புச் செலவை ஏற்க ஒரு நிதி வேண்டும். கோயில் கோபுரத்துக்குச் சேரும் பணத்தில் ஒரு சிறு பகுதி அதற்குத் தாராளமாகப் போதும்.

இரண்டாவது ஆட்சேபம், எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் என்பது. சேர்க்கைப் படிவத்தில், வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு கேள்வி உண்டு. பிள்ளையை ஆங்கிலம் போதாதவன் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்னும் பயத்தால், அதில் ஆங்கிலம் என்று எழுதிவிடும் பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். தலைமையாசிரியருக்குக் கிடைக்கும் கணக்கு அந்தப் பதிலிலிருந்து வருவதுதான். சிட்னிப் பள்ளிகள் அடுத்த ஜனவரியில் சேரவேண்டிய பிள்ளைகளுக்கான விண்ணப்பங்களை இந்த ஆண்டின் முற்பகுதியிலேயே வாங்கத் தொடங்கிவிடுகின்றன.