உங்களுக்குத் தெரியுமா? பசி வயிற்றில் மட்டும் இல்லை

கம்பம் சாலையோரக் கூடையில் குவிந்திருக்கும் பன்னீர் திராட்சையைப் பார்த்தால், வயிறு முட்ட உண்டு வந்தவருக்கும் இரண்டு வாயில் போடத் தோன்றும். அப்படியானால் பசி வயிற்றின் வேலை மட்டுமல்ல. இதற்கு வலுவான சான்று தந்தவர் பால் கிருஷன் ஆனந்த். பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைக் கட்டி எழுப்பியவர். 1951-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்குடன் சேர்ந்து, எலி மூளையின் அடிப்புறத்தில் உள்ள ஹைப்போதாலமஸின் பக்கவாட்டில் மெல்லிய மின்முனையைச் செருகி, துளியளவு இடத்தை மட்டும் பொசுக்கினார். இருபுறமும் பொசுக்கியதும், மூக்கருகே தீனி இருந்தும் தொடாமல் எலி பட்டினியில் செத்தது. வயிறும் குடலும் பழுதில்லாமல்தான் இருந்தன, கவனியுங்கள்.

ஆட்சேபம் எழாமல் இல்லை. குழாய் வழியே ஊட்டிக் காப்பாற்றிய எலிகள் பிறகு தாமாகவே தின்னத் தொடங்கின; பொசுக்கிய இடத்தின் வழியே கடந்துபோகும் டோபமைன் நரம்பிழைகளும் சேர்ந்து கருகியிருந்தது 1970-களில் தெரியவந்தது. பசிக்கு ஒரே சுவிட்சு என்ற எண்ணம் அதோடு உடைந்தது, சரிதான். ஆனால் முல்லைப் பெரியாற்று வாய்க்காலில் மதகு பழுதாகி, தேனிப் பக்கத்து வயல் காய்ந்தால், தண்ணீர் மதகில் ஊறுகிறது என்று யாரும் சொல்வதில்லை. மதகுக்கு வேலையே இல்லை என்றும் சொல்வதில்லை. மூளையின் அந்தப் பகுதியும் அப்படித்தான். 1998-இல், உண்ணத் தூண்டும் ஓரெக்சின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் ஆனந்த் பொசுக்கிய அதே பக்கவாட்டுப் பகுதியில்தான் அகப்பட்டன.