கூட்டி வந்தவரை வெளியே அனுப்புங்கள்

கோவில்பட்டி வட்டாரத்தில் மானாவாரிப் புஞ்சைக்கு மவுசு வந்துவிட்டது. பெய்தால் உளுந்து, பருத்தி, பெய்யாவிட்டால் தரிசு என்று கிடந்த கரிசலைக் காற்றாலைக்காரர்களும் சோலார்காரர்களும் தேடி வருகிறார்கள். அதோடு, அந்தப் புஞ்சையைத் தன் பேரில் வைத்துக்கொண்டு திண்ணையில் கிடந்த கிழவிக்கும் மவுசு.

கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7 ரூபாய். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் நூற்றுக்கு 1, அதுவும் 40,000-ஐத் தாண்டாது. உயிலை மனசு மாறினால் மாற்றி எழுதலாம். செட்டில்மெண்டை நினைத்தபடி திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் பிள்ளைகள் செட்டில்மெண்டையே எழுதி வாங்குகிறார்கள்.

அந்தப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். கொடுப்பவருக்கு 62 வயதானாலும் 92 ஆனாலும் நல்ல நினைவோடு, யார் தூண்டுதலும் இல்லாமல் எழுதியதாகவே இருக்கும். எழுத்தரின் கம்ப்யூட்டரில் அது எப்போதோ அடித்து வைத்தது. பெயரும் சர்வே எண்ணும்தான் மாறும். ரேகையை மெஷின் சரிபார்த்துவிடும். புத்தியை?

"சம்மதந்தானாம்மா?" என்பார் சார்பதிவாளர். அம்மா மகன் முகத்தைப் பார்ப்பாள். அவன் தலையாட்டுவான், அவளும் ஆட்டுவாள். புத்தி சுவாதீனம் இல்லை என்று தெரிந்தால் பதிவை மறுக்கலாம். ஆனால் மறதி நோய் தொடங்கியவர் "சாப்பிட்டீங்களா?" என்றால் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். எந்த நிலம், மகளுக்கு என்ன மிச்சம் என்று கேட்டால்தான் தடுமாறுவார். அதை யாரும் கேட்பதில்லை.

வயதாலும் நோயாலும் மனம் தளர்ந்தவரை ஆட்டிவைத்து எழுதி வாங்குவதை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே தகாத செல்வாக்கு என்று சொல்லியிருக்கிறது. நூறு வயது கடந்து, பக்கவாதத்தில் கிடந்த எழுதப் படிக்கத் தெரியாத பெரியவரின் ரேகையோடு வந்த பத்திரம் 2003-ல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆனால் அது வரைக்கும் வழக்கு நடத்த யாருக்குத் தெம்பு?

2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இருக்கிறதே என்பார்கள். பராமரிக்காத பிள்ளைக்குக் கொடுத்ததைக் கோட்டாட்சியரிடம் மனுப் போட்டு ரத்து செய்யலாம். பராமரிப்பு நிபந்தனை இருந்தால்தான் முடியும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம், அன்பால் கொடுத்ததிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் மனுப் போட, எழுதிக் கொடுத்தது ஞாபகம் இருக்க வேண்டுமே! முடியாதவருக்காகத் தொண்டு நிறுவனம் போகலாமாம். விளாத்திகுளம் பக்கத்துக் காட்டுக் கிராமத்தில் அதை யார் போய்த் தேடுவது?

கடைசி வரை பீ மூத்திரம் அள்ளிய பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன தப்பு? தப்பில்லை. அம்மாவைத் தனியாக விசாரிக்கும்போது அந்தப் பிள்ளைக்கு வெளியே பத்து நிமிஷம் நிற்பதில் நஷ்டமும் இல்லை.

கூட்டி வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, சார்பதிவாளர் பேச்சு வழக்கிலேயே கேட்கட்டும்: எந்தப் புஞ்சை? யாருக்கு? நாளைக்குக் கஞ்சிக்கு என்ன செய்வீங்க? பதிலை எழுதிப் பத்திரத்தோடு சேர்க்கட்டும். நடக்க முடியாதவர் வீட்டுக்கே சார்பதிவாளர் போகச் சட்டத்தில் இடமுண்டு. அங்கேயும் கட்டிலைச் சுற்றி நிற்கிற கூட்டத்தை முதலில் வாசலுக்கு அனுப்பட்டும்.